கரடியம்மா பார்த்த இடைவேளை

கரும்பாறைக் காட்டில் ஒரு கரடிக் குடும்பம் இருந்தது. அப்பா மாதப்பன், அம்மா பூவாத்தா, மகள் ரங்கி, மகன் கெம்பன். குடியிருந்தது ஒரே குகைதான். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். மாதப்பன் விடிந்ததும் கறையான் புற்றைத் தேடிப் போய்விடுவான். ரங்கி நாவல் மரத்தில் ஏறினால் இறங்கமாட்டாள். கெம்பன் நாள் முழுக்க ஓடைத் தண்ணீரில் கிடப்பான். வருவார்கள், தின்பார்கள், போய்விடுவார்கள்.

பூவாத்தாவுக்கு இது பொறுக்கவில்லை.

"ஒரே குகையில இருந்துக்கிட்டு ஆளுக்கொரு மூலையில கெடந்தா, இது குடும்பமா, சத்திரமா?" என்று கேட்டாள்.

கேட்டதோடு விடவில்லை. குரங்கு ஒன்றிடம் ஒரு படப்பெட்டி இருந்தது. மலையடிவாரத்து பங்களாவில் தங்கிவிட்டுப் போனவர்கள் மறந்துவிட்டுப் போன பெட்டி. பொத்தானை அமுக்கினால் போதும், சுவரில் சினிமா ஓடும். காட்டில் ஏது கரண்டு என்று யாரும் கேட்க வேண்டாம். கரடி பேசுகிறது என்பதை ஒத்துக்கொண்ட நீங்கள் இதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"பெட்டி வேணும்னா மலைத்தேன் வேணும். முழு அடையா வேணும்!" என்றது குரங்கு.

பூவாத்தா செங்குத்தான பாறையில் ஏறினாள். தேனீக்கள் சும்மா விடுமா? மூக்கு வீங்கிக் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. அந்த மூக்கோடு தேனடையைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பெட்டியை வாங்கி வந்தாள்.

"இனிமே சனிக்கிழமை தவறாம, பொழுது சாஞ்சதும் எல்லாரும் ஒண்ணா உக்காந்து படம் பாக்கறோம்! நம்ம வீட்டுப் பழக்கமா இது இருக்கோணும்!" என்றாள்.

பிள்ளைகள் குதித்தார்கள். மாதப்பனும் பல்லைக் காட்டினான். நல்ல யோசனைதான். யார் கண் பட்டதோ, முதல் சனிக்கிழமையே நரி நஞ்சப்பன் வாசலில் வந்து நின்றான்.

"மாதப்பண்ணா, குடும்பத்தோட படம் பாக்கறீங்களாமே! கேக்கவே சந்தோசமா இருக்குதுங்ணா. நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கலாமுங்களா?"

"உக்காரப்பா, அதுக்கென்ன!" என்றான் மாதப்பன்.

நரி ஓரமாக உட்காரவில்லை. நடுவில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"ஏனுங்ணா, இடைவேளைக்கு ஒண்ணுமில்லீங்களா? படம்னா நடுவுல இடைவேளைன்னு எழுத்துப் போடுவாங்க. அப்பச் சுடச்சுட ஏதாச்சும் கையில இருக்கோணும். வெறும் வாயோட பாத்தா அது படமுங்களா?"

"அதுவும் சரிதான்!" என்றான் மாதப்பன். "ஏ பூவாத்தா, கொஞ்சம் ஈசல் வறுத்துட்டு வந்துரு. அதுக்குள்ள படம் ஓடியா போயிரும்?"

ஓடித்தான் போயிற்று. அடுப்பு இருந்தது குகையின் பின்பக்கம். ஈசலைச் சிறகு போகப் புடைத்து, பொரியோடு சேர்த்து வறுத்து, தட்டில் கொட்டிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது சுவரில் பெரிய எழுத்தில் 'இடைவேளை' என்று இருந்தது. எல்லாரும் கையை நீட்டினார்கள். தட்டு காலியானது.

"அண்ணி கைப்பக்குவமே தனிதானுங்க! இன்னும் ஒரு தட்டு இருந்தா, பின்பாதிக்கு ஆகும்!" என்றான் நரி.

பூவாத்தா மறுபடியும் அடுப்படிக்குப் போனாள். அடுத்த தட்டோடு வந்தபோது படம் முடிந்து, ஆளாளுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் இதே கதை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒரு வாரம் ஈசல், ஒரு வாரம் தினைமாவு உருண்டை, ஒரு வாரம் வள்ளிக்கிழங்கு வறுவல். பலகாரம் மாறியது. படம் மாறியது. பூவாத்தா நின்ற இடம் மட்டும் மாறவில்லை. மூக்கு வீங்கிப் பெட்டியை வாங்கி வந்தவள், அந்தப் பெட்டியில் பார்த்ததெல்லாம் அந்த ஒரே ஒரு வார்த்தையைத்தான்!

இதில் மாதப்பன் செய்த கூத்தைக் கேளுங்கள். படம் போடுவதற்கு முன்னால் தியேட்டர் முதலாளி மாதிரி எழுந்து நின்று, "எல்லாரும் வந்தாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பான். "வந்தாச்சுங்ணா!" என்று நரி சொல்வான். "வந்தாச்சு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். உடனே பொத்தானை அமுக்கிவிடுவான். எல்லாரும் வந்தாயிற்றாம்! பின்பக்கம் சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம் அந்த நான்கு பேரின் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் குரங்கு அந்தப் பக்கம் வந்தது. "பூவாத்தாக்கா, பெட்டியில ஒரு யானைப் படம் இருக்குதே, பாத்தாச்சா? வெள்ளத்துல குட்டியைப் பறிகொடுத்துட்டு ஒரு தாய் யானை காடு காடா தேடும். தேடிக்கிட்டே..."

"நிறுத்து, நிறுத்து! கிடைச்சுதா இல்லையான்னு சொல்லிராதே. நானே பாத்துக்கறேன்!" என்றாள் பூவாத்தா.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. கிழங்கு தோண்டும்போதும் அந்தக் குட்டிதான் கண் முன்னால் நின்றது. சனிக்கிழமை காலையிலேயே வீட்டில் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு யானைப் படம் போடுங்க. நானும் உக்காந்து பாக்கோணும்."

"பாரேன், யாரு வேண்டாம்னா?" என்றான் மாதப்பன்.

பூவாத்தா அன்றைக்கு அவசர அவசரமாக வறுத்தாள். கடைசிச் சட்டியை இறக்கப் போனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சுங்ணா!"

"இருங்க, இருங்க! வந்துட்டேன்!" என்று கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. யானை பிளிறுகிற சத்தம் அதற்குள் தொடங்கிவிட்டது. அடுப்பில் சட்டி வேறு தீய்ந்தது. அதைக் கழுவி, மறுபடி வறுத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சுவரில் 'இடைவேளை' என்று இருந்தது.

கெம்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கம்மாவுக்குப் புடிச்ச படமே இடைவேளைதான்! எந்த வாரமும் தவறவே மாட்டாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நரி தரையில் புரண்டு சிரித்தான். பூவாத்தா தட்டை வைத்துவிட்டு அங்கேயே உட்காரப் போனாள்.

"அண்ணி, குடிக்கத் தண்ணி?" என்றான் நரி.

தண்ணீர் ஓடையில் இருந்தது. போய்விட்டு வருவதற்குள் படம் முடிந்துவிட்டது.

"ரங்கி, சாமி, அந்தக் குட்டி கிடைச்சுதா?" என்று கேட்டாள் பூவாத்தா.

ரங்கி கையை நெட்டி முறித்தாள். "அதெல்லாம் வாயால சொன்னா நல்லாருக்காதும்மா. உக்காந்து பாத்தாத்தான் அருமை தெரியும்!"

"அப்ப அடுத்த வாரம் இதையே போடலாமுங்களா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"பாத்த படத்தையே யாராச்சும் பாப்பாங்களா? உனக்கென்ன கிறுக்கா?" என்றான் மாதப்பன்.

பூவாத்தா ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. பொழுது சாய்ந்தது. அவரவர் இடத்தில் அவரவர் சாய்ந்துகொண்டார்கள். நரி முன்னங்காலை நக்கிச் சுத்தமாக்கி வைத்துக்கொண்டான். மாதப்பன் எழுந்து நின்றான்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு!"

மாதப்பன் பொத்தானை அமுக்கக் கையை நீட்டினான். கை வெறும் பாறையில் பட்டது.

"அட! பெட்டியைக் காணோம்!"

"ஐயோ, பெட்டியைக் காணோம்!" என்று பிள்ளைகள் அலறினார்கள்.

நரி மூக்கை உறிஞ்சினான். "அதை விடுங்கண்ணா! வறுக்கற வாசமே காணோமுங்களே! பலகாரத்துக்கு என்னாச்சு?"

ரங்கி பின்பக்கம் ஓடிப் பார்த்தாள். அடுப்பு ஜில்லென்று கிடந்தது. சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அப்போதுதான், பெட்டியைத் தேடி, பலகாரத்தைத் தேடி, எல்லாம் தேடி ஓய்ந்த பிறகுதான், அவள் வாயில் அந்த வார்த்தை வந்தது.

"அப்பா, அம்மாவையும் காணோம்!"

பெற்றவளுக்கு மூன்றாவது இடம்! நல்ல குடும்பம், நல்ல பிள்ளைகள்!

நால்வரும் வெளியே ஓடினார்கள். ஓடைக்கரையில் வெளிச்சம் தெரிந்தது. அங்கே ஒரு வெள்ளைப் பாறையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பூவாத்தா காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏ பூவாத்தா!" என்று உறுமினான் மாதப்பன். "அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம். இங்க என்ன பண்றே?"

"சத்தம் போடாதீங்க. தாய் யானை ஆத்துக்குள்ள இறங்குது."

நரி முன்னால் வந்தான். முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டான். "அண்ணி, நான் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. குடும்பம்னா எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கோணுமுங்க. இப்படி நீங்க மட்டும் தனியாப் பாக்கறது நாயமுங்களா?"

இந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வாய் வந்தது பாருங்கள்! பூவாத்தா படத்தை நிறுத்தினாள். மெதுவாக எழுந்து நின்றாள். கரடி எழுந்து நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"ஒண்ணாவா?" என்றாள். "எல்லாருமா? அந்த எல்லாருங்கற கணக்குல நான் எங்கடா இருக்கேன்? நீ இருக்கே! வந்து திங்கற நரி இருக்கே! பெத்தவ இல்லை! ஏனுங்க, உங்களைத்தான் கேக்கறேன். உங்களுக்குச் சாய்ஞ்சுக்கப் பாறை இருக்குது. ரங்கிக்கு மரக்கட்டை இருக்குது. கெம்பனுக்குப் புல்லு மெத்தை. இந்த நரிக்குக்கூட சருகு பரப்பி வெச்சிருக்குது, அதைப் பரப்பினதும் நான்தான்! அந்தக் குகைக்குள்ள என் இடம் எதுன்னு காட்டுங்க பாக்கலாம்!"

மாதப்பன் வாயைத் திறந்தான். குகையை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அவள் உட்கார்ந்து பார்த்த நினைவு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் புருஷனாயிற்றே, சும்மா இருப்பானா?

"உன்னை யாரு அடுப்படியிலயே நில்லுன்னு சொன்னது?"

"யாரும் சொல்லலை. உள்ள வந்து உக்காருன்னும் ஒருத்தரும் சொல்லலை! ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'அவ வரட்டும், அப்புறம் போடலாம்'னு உங்க வாயில வந்துதா? தேனீ என் மூக்கைக் கொட்டுனது இதுக்குத்தானா? உங்க எல்லாரையும் ஒண்ணாச் சேக்கறதுக்கு நான் பெட்டி வாங்கினா, நீங்க எல்லாரும் ஒண்ணாச் சேந்து என்னை வெளிய தள்ளிட்டீங்க!"

மாதப்பன் தலை தொங்கிவிட்டது. கெம்பனுக்குத் தான் அடித்த கேலி நினைவுக்கு வந்தது. அவன் ஓடிவந்து அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"தப்பும்மா. தெரியாமச் சிரிச்சுட்டேம்மா."

"சரி, சரி. மறைக்காம உக்காரு" என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாவும் மறுபடி உட்கார்ந்தாள்.

ரங்கி மறுபக்கம் உட்கார்ந்தாள். மாதப்பன் பின்னால், வெறும் மண்ணில் உட்கார்ந்தான். நரி மட்டும் நெளிந்துகொண்டே நின்றான்.

"அது சரிங்க அண்ணி... பலகாரம்?"

"அடுப்பு அங்க இருக்குது, சட்டியும் அங்கதான் இருக்குது" என்றாள் பூவாத்தா. "போய் வறுத்து எங்களுக்கும் கொண்டா. அதுக்குள்ள படம் எங்கயும் ஓடிப் போகாது!"

நரி அடுப்புப் பக்கம் போவது போல் போனான். அப்படியே புதருக்குள் நுழைந்து மறைந்துவிட்டான். அந்தக் குகைப் பக்கம் அவன் அப்புறம் வரவே இல்லை. குடும்ப ஒற்றுமையின் மேல் அவனுக்கு இருந்த பாசம் அவ்வளவுதான்.

பூவாத்தா பொத்தானை அமுக்கினாள். தாய் யானை ஆற்றைக் கடந்தது. மலையைக் கடந்தது. கடைசியில், ஒரு மூங்கில் புதருக்குப் பின்னால், மெலிந்துபோன குட்டி நின்றுகொண்டிருந்தது. தாய் தும்பிக்கையை நீட்டியதும் பூவாத்தா வாய்விட்டு அழுதாள். முன்பே அந்தப் படத்தைப் பார்த்திருந்த மாதப்பனும் பிள்ளைகளும் அன்றைக்குப் பாறையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

படம் முடிந்ததும் பூவாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் கோபம் முழுக்கத் தீரவில்லை. ஏன் தீர வேண்டும்?

"இப்பவே சொல்லிப் போடறேன், கேட்டுக்கங்க. சனிக்கிழமை மத்தியானத்தோட அடுப்பை அணைச்சுருவேன். பலகாரம் வேணுங்கறவங்க அதுக்குள்ள கூட நின்னு புடைக்கோணும், வறுக்கோணும், சட்டி கழுவோணும். முடியாதுன்னா பச்சைக் கிழங்கைக் கடிச்சுக்கிட்டுப் படம் பாருங்க!"

அடுத்த சனிக்கிழமை மாதப்பன் வறுத்த ஈசல் கரியாகிப் போனது. நால்வரும் பச்சைக் கிழங்கைத்தான் கடித்தார்கள். கடிக்கிற சத்தத்தில் படத்தின் வசனம் பாதி கேட்கவில்லை. பூவாத்தா நட்டநடுவில் உட்கார்ந்து, கதாநாயகன் செய்த முட்டாள்தனத்துக்கெல்லாம் சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டே பார்த்தாள்.

குடும்பமே ஒன்றாகக் கூடியிருக்கிறோம் என்று பெருமையடிப்பவர்களே, அந்தக் கூட்டத்துக்காக ஒருத்தி அடுப்படியில் தனியாக நிற்கிறாள் என்றால், அதற்குப் பெயர் குடும்ப வழக்கம் அல்ல, அநியாயம்!