கீரி பிடித்த மலிவு வீடு

ஒரு காட்டில், ஆற்றங்கரை ஆலமரத்தின் வேர்ப்பொந்தில், ஒரு கீரிக் குடும்பம் வாடகைக்குக் குடியிருந்தது. கீரியின் பெயர் மருதப்பன். மனைவி செண்பகம். குட்டிகள் மூன்று. மருதப்பன் நல்ல உழைப்பாளி. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தான். ஒரே ஒரு குறை. தன் கெட்டிக்காரத்தனத்தை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவனுக்கு நிலைகொள்ளாது.

மரத்தின் சொந்தக்காரர் குரங்கார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இறங்கி வந்து வாடகையை ஏற்றிவிட்டுப் போவார்.

"இந்த மாதம் முதல் மூன்று கூடை நாவல்பழம்."

"போன மாதம் இரண்டுதானே ஐயா?"

"எதிர்ப் புதரில் மயில் குடிவந்திருக்கிறதே, பார்க்கவில்லையா? உன் வாசலில் உட்கார்ந்தபடியே நடனம் பார்க்கலாம். அதற்கு ஒரு கூடை."

"நான் நடனம் பார்ப்பதில்லையே!"

"அது உன் விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் குரங்கார் மேலே ஏறிப் போனார்.

பழம் பொறுக்கவே பகல் முழுவதும் போயிற்று. இரை தேட நேரமில்லை. கடைக்குட்டிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"இனியும் இங்கே இருந்தால் பிள்ளைகள் பிழைக்கமாட்டார்கள்" என்றாள் செண்பகம்.

மருதப்பன் இடம் தேடிக் கிளம்பினான். மூங்கில் தோப்பில் வாடகை குறைவு. ஆனால் அது யானைகள் போகிற பாதை. சதுப்பில் வாடகையே இல்லை. மழை வந்தால் வீடும் இல்லை. ஐந்தாம் நாள், இரண்டு குன்றுகளுக்கு அப்பால், ஒரு செம்மண் மேட்டைக் கண்டான். காற்றோட்டமான வளைகள். பக்கத்திலேயே சுனை. சுற்றிலும் இரை. சொந்தக்காரர் ஆமையார்.

"வாடகையா? பௌர்ணமிக்கு ஒரு பழம் கொடு, போதும். பேச்சுத்துணை இல்லாமல் என் வாயே ஒட்டிக்கொண்டுவிட்டது" என்றார் அவர்.

குடும்பம் வந்து சேர்ந்தது. இரண்டே மாதத்தில் குட்டிகள் மூன்றும் உருண்டையாகிவிட்டன.

"தயவுசெய்து இதை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றாள் செண்பகம்.

"நானா? சேச்சே!"

ஒருநாள் ஆற்றுப் பக்கம் போனபோது பழைய அண்டை வீட்டுக்காரரான முயலண்ணன் எதிர்ப்பட்டார்.

"ஆளே பளபளவென்று இருக்கிறாயே தம்பி! இப்போது எங்கே ஜாகை?"

"சும்மா... அந்தப் பக்கம்."

"வாடகை எவ்வளவு?"

மருதப்பனுக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"எவ்வளவாக இருந்தால் என்ன! மூன்று கூடைக்குக் குறைந்து இந்தக் காட்டில் வீடே கிடையாது. கிடைத்தது என்கிறவன் புளுகன்" என்றார் முயலண்ணன்.

அவ்வளவுதான். "ஒரே ஒரு பழம்!" என்று கத்தியேவிட்டான் மருதப்பன்.

திறந்த வாய் மூடவில்லை. பாறை மேல் ஏறி நின்று, வழி எது, சுனை எங்கே, எந்த வளை கிழக்குப் பார்த்தது என்று ஒன்றுவிடாமல் விளக்கினான். கூட்டம் கூடிவிட்டது. "நீ அல்லவோ கெட்டிக்காரன்!" என்றது நரி. அன்று மருதப்பன் வீட்டுக்கு நடந்து போகவில்லை; மிதந்து போனான்.

மூன்றாம் நாள் மேட்டைச் சுற்றி ஒரே நெரிசல். நரி ஒரு கூடை தருகிறேன் என்றது. முள்ளம்பன்றி இரண்டு என்றது. காட்டுப்பன்றி நான்கு கூடையோடு முன்பணமாகக் கிழங்கும் கொண்டுவந்து இறக்கியது. ஆமையார் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல மருதப்பனிடம் வந்தார்.

"சொல்லவே கூச்சமாக இருக்கிறது, தம்பி. பேச்சுத்துணைக்கு இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நான்கு கூடை கொடுத்தால் நீயே இருந்துகொள்ளலாம்."

"அவ்வளவுக்கு நான் எங்கே போவேன் ஐயா? இவர்களுக்கெல்லாம் இந்த இடம் எப்படித் தெரிந்தது?"

"யாரோ ஒரு கிறுக்கன் பாறை மேல் ஏறி நின்று சொன்னானாம்" என்றார் ஆமையார் அப்பாவியாக.

செண்பகம் மூட்டையைக் கட்டினாள். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் நாலு திட்டு திட்டியிருந்தால்கூட மருதப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"குடியிருந்த வீட்டைத் தானே கூவி ஏலம் போட்ட முதல் கீரி நான்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டே பின்னால் போனான்.

ஏழு நாள் அலைந்த பிறகு, ஓடைக்கரையில் ஒரு பாறை இடுக்கு கிடைத்தது. வாசல் குறுகல், உள்ளே நல்ல விசாலம். அதன் சொந்தக்காரர் உடும்பார் வாடகையாகக் கேட்டது இரண்டே பழம்.

சில நாள் கழித்து அந்த வழியாக நரி வந்தது.

"என்ன கெட்டிக்காரா, இந்த இடம் எப்படி?"

மருதப்பனின் வாய் தானாகத் திறந்தது. செண்பகமும் குட்டிகளும் மூச்சுவிடாமல் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"ஐயோ, அதை ஏன் கேட்கிறாய்! உள்ளே ஒரே ஒழுகல். வாடகையோ பகல் கொள்ளை. தெரியாத்தனமாக வந்து மாட்டிக்கொண்டேன்!"

"உன்னைப் போய்க் கெட்டிக்காரன் என்று நினைத்தேனே! சரியான மடையன் நீ" என்று சிரித்தது நரி.

"ஆமாம், ஆமாம்" என்றான் மருதப்பன். அதைச் சொல்வதற்குள் அவனுக்கு உயிரே போய்விட்டது. நரியின் வால் மறையும் வரை பொறுத்திருந்தான். பிறகு உள்ளே போய், பிள்ளைகளுக்கு நடுவில் காலை நீட்டிப் படுத்தான்.

நீதி: கிடைத்த நல்லதைத் தம்பட்டம் அடிப்பவன், அதைத் தன் வாயாலேயே பிறருக்குக் கொடுத்துவிடுகிறான்.