முன்னால் குனியாத காண்டசா

மரகதம் பிரேக் ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்த கடை என்னுடையது. கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அங்கே பேசுவதெல்லாம் என் காதில் விழும். விழாவிட்டால் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன்.

அதன் முதலாளி மரகதத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறவர்களின் வண்டியை அவர் தொடமாட்டார். வண்டிக்காரரே ஸ்பேனர் பிடிக்க வேண்டும். அவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். அதனால் சிங்காநல்லூரில் அவருக்குக் குரு என்றே பெயர் நிலைத்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் சீடர்கள். வேலையையும் செய்து, கூலியையும் கொடுத்துவிட்டுப் போகிற சீடர்கள்.

அப்படி வந்தவர்தான் வெள்ளியங்கிரி. கிரைண்டர் கம்பெனி முதலாளி. குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை. கறுப்புக் காண்டசா காரில் பெரிய ஜப்பான் இன்ஜினை ஏற்றி வைத்திருந்தார். அதை ஸ்டார்ட் செய்தால் என் தையல் மிஷின் ஊசி தானாக ஆடும்.

"குருவே, ஞாயித்துக்கிழமை ரேஸுங்க," என்றார்.

"யாரோடங்க?"

"என்ற தம்பியோட."

விஷயம் இதுதான். இவர்கள் அக்கா நாச்சம்மாவின் மகள் தாரணிக்குக் கல்யாணம். பெண்ணைக் காரில் மண்டபத்துக்குக் கூட்டிவருவது தாய்மாமன் உரிமை. மாமன்கள் இரண்டு பேர். தாரணிக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்காரவைப்பது என்று வெள்ளியங்கிரியும் தம்பி சென்னியப்பனும் குழந்தையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அன்றைக்கு நின்றது பேச்சு. அக்கா வீட்டுக்கு ஒருவர் காலையில் வந்தால் மற்றவர் சாயங்காலம்தான் வருவார்.

தம்பியிடமும் ஒரு மஞ்சள் காண்டசா இருந்தது. ஊருக்கு வெளியே பந்தய ட்ராக்கில் கால் மைல் ஓட்டுவது. ஜெயித்தவர் பெண்ணைக் கூட்டிவருவது. தோற்றவர் மண்டபத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இப்படி ஆள் விட்டுப் பேசி முடித்திருந்தார்கள். சமாதானத்துக்கு ஆள் விடாதவர்கள் இதற்கு மட்டும் விட்டார்கள்.

"சரி, வண்டி எப்படி இருக்கோணும்?" என்று குரு கேட்டார்.

"கிளம்பறப்ப முன்னால தலை தூக்கோணும்."

"முன் ஸ்பிரிங் மெத்துனு இருந்தாத் தூக்கும். பாரம் பின்னால உக்காரும், டயர் ரோட்டைக் கவ்வும். அப்பறம்?"

"பிரேக் புடிச்சு நிக்கறப்ப முன்னால குனியக் கூடாது."

குரு நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க?"

"பக்கத்துல அவன் வண்டி நிக்குமுங்க. என்ற வண்டி அவன் முன்னால தலை குனியறதா?"

எனக்கு வந்த சிரிப்பை நூலைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

"தூக்கறதும் குனியறதும் அதே ஸ்பிரிங்தானுங்க," என்றார் குரு.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. முன் ஸ்பிரிங்கை விறைப்பாப் போட்டு, பின் பிரேக்கை முதல்ல புடிக்க வெச்சிரலாம். பின்னால இழுத்துப் புடிச்சா முன்னால எப்படிக் குனியும்?"

"அப்படியே வெச்சுப் பாருங்க."

வெள்ளியங்கிரி ஒரு பகல் முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தார். அவரே எல்லாவற்றையும் மாட்டினார். குரு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். தடுக்கவே இல்லை.

சாயங்காலம் வண்டியை மூடிக் கிடக்கும் மில்லின் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். குரு ஒரு குடம் தண்ணீரோடு வந்தார்.

"பின் சீட்டுல உக்காருங்க. குடத்தை மடியில வெச்சுக்கோங்க."

"நானா? என்ற வண்டியில நான் பின் சீட்டுல உக்காந்ததே இல்லீங்க!"

"கல்யாணப் பொண்ணு அங்கதானுங்க உக்காரும்."

அந்த சீட்டுக்கு உறை தைத்தவன் நான். நனைந்துவிடுமே என்று வயிற்றெரிச்சல் தாங்காமல் நானும் ஏறிக்கொண்டேன். குரு ஓட்டினார். நன்றாக விரட்டி, பிரேக்கை ஒரு மிதி மிதித்தார். பின் சக்கரம் இரண்டும் அப்படியே நின்றுபோனது. வண்டியின் வால் பக்கவாட்டில் போனது. முன்னால் இருந்த மில் சுவர் என் ஜன்னலுக்கு வந்துவிட்டது. பாதித் தண்ணீர் வெள்ளைச் சட்டையில், மீதி என் புது உறையில்.

"எப்படிங்க இருக்குது?"

"குனியலைங்க," என்றார் வெள்ளியங்கிரி. மீசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

குரு குடத்தை நிரப்பிக்கொண்டுவந்து கொடுத்தார். மறுபடி ஒரு மிதி.

"இப்ப எப்படிங்க?"

"குனி... குனியலைங்க."

அடுத்த மிதியில் குடம் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. வெள்ளியங்கிரி என் மேல் கிடந்தார்.

"குனியட்டும் ஆத்தா! எவ்வளவு வேணுமோ குனியட்டும்! என்னை எறக்கி விடுங்க!"

குரு வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"நிக்கறப்ப பாரம் முன்னால வருதுங்க. அதனால முன் சக்கரந்தான் முதல்ல புடிக்கோணும். பின்னது அதுக்கப்பறம். பின்னது முந்திக்கிட்டா வால் தலையைத் தாண்டி வந்துரும்."

மறுநாள் வெள்ளியங்கிரி எல்லாவற்றையும் கழற்றி மாற்றி மாட்டினார். நசுங்கின குடத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு போனோம். வண்டி முன்னால் லேசாகக் குனிந்து, குரு தரையில் கிழித்திருந்த கோட்டின் மேல் நேராக நின்றது. மடி நனையவில்லை. நான் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் ட்ராக்குக்குப் போனோம். முடிவுக் கோட்டில் நாச்சம்மாவும் தாரணியும் நின்றார்கள். யார் முதலில் வருகிறார் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். இருவர் முகத்திலும் கல்யாணக் களையே இல்லை.

கொடி விழுந்ததும் கறுப்பு வண்டி தலையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மஞ்சள் வண்டி தலையைத் தூக்காமல் டயரைத் தேய்த்துப் புகை விட்டு, பிறகு கிளம்பியது. குரு உதட்டைப் பிதுக்கினார்.

"தம்பியும் விறைப்பாத்தான் போட்டிருக்காருங்க," என்றார் என்னிடம்.

கோட்டைக் கறுப்பு வண்டிதான் முதலில் தாண்டியது. வெள்ளியங்கிரி பிரேக் பிடித்தார். வண்டி முன்னால் குனிந்து நின்றது. பின்னாலேயே வந்த சென்னியப்பனும் பிரேக் பிடித்தார். அவர் வண்டியில் பின் சக்கரம்தான் முதலில் நின்றது. வால் சுற்றிக்கொண்டு வந்தது. மஞ்சள் காண்டசா பின்பக்கமாகவே ட்ராக்கை விட்டு இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கின சேற்றில் போய் உட்கார்ந்தது.

"அய்யோ, சென்னீ!" என்று நாச்சம்மா அலறினார்.

மீசைக்குப் போன வெள்ளியங்கிரியின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. வண்டியைவிட்டு இறங்கி ஓடினார். சேற்றின் ஓரம் வரை ஓடி, அங்கே நின்றார். கதவைத் திறந்துகொண்டு சென்னியப்பன் இறங்கினார். அடி ஒன்றும் இல்லை. முழங்கால் வரைக்கும் சேறு. அண்ணன் நிற்பதைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தாரணி அழுதுகொண்டே வந்தாள்.

"எனக்கு யார் காரும் வேண்டாம் மாமா. நான் நடந்தே மண்டபத்துக்குப் போயிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு ஒரு போட்டோகூட என்கிட்ட இல்லை. கல்யாணத்துலயும் இருக்காதுன்னா எதுக்கு இந்தக் கருமம்?"

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. கால் மட்டும் தம்பி பக்கம் நகரவில்லை. மெதுவாகக் குருவின் பக்கம் வந்தார்.

"குருவே, அவனுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆகலைங்களே."

"கூப்புடோணும்னுதானுங்க இருக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா மூத்தவன் நானு. ஜெயிச்சவனும் நானு. நானே முதல்ல போய்ப் பேசறதுங்களா? அவன் வரட்டுமே?"

குரு சேற்றில் நிற்கிற மஞ்சள் வண்டியைக் கை காட்டினார்.

"பின்னது முதல்ல புடிச்சா என்ன ஆகுமுன்னு பாத்துட்டுத்தான இருக்கீங்க?"

வெள்ளியங்கிரி மறுபடி சேற்றின் ஓரத்துக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். தம்பிக்கு நேர் எதிரே குனிந்து, வேட்டியை மடித்துக் கட்டினார்.