சாப்பாட்டில் சேராதது

மலையடிவாரத்து வைத்தியர் அம்பலவாணரிடம் மாசிலாமணி சீடனாகச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. பிள்ளை உண்டாகும் மருந்தை மட்டும் குரு தன்னிடம் மறைக்கிறார் என்று அவனுக்குச் சந்தேகம்.

வைகாசியில் செண்பகவல்லி மாமியாரோடு வந்தாள். கனத்த உடம்பு. படியேறியதற்கே மூச்சு வாங்கியது. கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. மாதவிலக்கு எப்போதாவதுதான் வந்தது.

"தை பிறந்தா என் மகனுக்கு வேற பொண்ணு பார்த்துடுவேன்," என்றாள் மாமியார் வடிவு.

வைத்தியர் நாடி பார்த்தார்.

"உடம்பைக் குறை. தினமும் நட. ராத்திரிக்குக் கஞ்சி போதும்."

"பாதி ஆளா ஆகணுமா ஐயா?" என்றாள் செண்பகவல்லி.

"வேண்டாம். கொஞ்சம் குறைஞ்சாலே மாதவிலக்கு வழிக்கு வரலாம்."

"மருந்து?" என்றாள் வடிவு.

"இல்லை."

வடிவு முறைத்தாள். மாசிலாமணியும் நம்பவில்லை. மருந்தில்லாமல் ஒரு வைத்தியமா? தான் பக்கத்தில் நிற்பதால்தான் குரு மழுப்புகிறார்.

வாசல்வரை பின்னாலேயே போனான். தான் கிண்டிய லேகியத்தைச் சட்டியோடு வடிவிடம் நீட்டினான். வெல்லம், எள், வழிய வழிய நெய்.

"கருப்பைக்குப் பலம். ஐயாவுக்குத் தெரிய வேண்டாம்."

ஆடியில் திரும்பி வந்தார்கள். செண்பகவல்லியின் உடம்பு இன்னும் கூடியிருந்தது.

"ஒளிச்சு வச்சுத் தின்னுறாங்க ஐயா," என்று குருவின் காதில் சொன்னான் மாசிலாமணி.

"நீ பார்த்தியா?"

"பார்க்கணுமா? உடம்பே சொல்லுதே."

செண்பகவல்லிக்குக் கேட்டுவிட்டது. "அடுக்களைச் சாவி அத்தை இடுப்புல தம்பி. நான் எங்கே போய் ஒளிக்க?"

"அவ திருடலை," என்றாள் வடிவு. "நான்தான் காவல் இருக்கேனே."

"விடிஞ்சதிலிருந்து என்ன சாப்பிட்டே?" என்று செண்பகவல்லியைக் கேட்டார் வைத்தியர்.

சொன்னாள். கஞ்சி, கீரை, மோர். குறை சொல்ல இடமில்லை.

வைத்தியர் அவளுடைய வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"நெய் மணக்குது."

"அது சர்க்கரைப் பொங்கல்," என்றாள் வடிவு. "பிள்ளைக்கு வேண்டிக்கிட்டது. தினமும் அம்மனுக்குப் படைக்கிறேன். வேற யாரும் தொடக்கூடாது, மிச்சமும் வைக்கக்கூடாது. இவ ஒருத்தியே முடிக்கணும்."

"அதைச் சொல்லலையே?"

"அது சாப்பாடா? பிரசாதம்!"

"வேணாம்னா சாமிக்கு ஆகாதாம்," என்றாள் செண்பகவல்லி. "அது உள்ள போக இடம் விட்டுத்தான் கஞ்சியே குடிக்கிறேன்."

"வேற?"

செண்பகவல்லி மாசிலாமணியைப் பார்த்தாள். அவன் தூணைப் பார்த்தான்.

"தம்பி கொடுத்த லேகியம். ஒரு உருண்டைன்னாரு. அத்தை ரெண்டா கொடுக்கிறாங்க."

"ஐயா, அது மருந்துதானே..." மாசிலாமணி இழுத்தான்.

"அவ உடம்புக்கு அது தெரியுமா?"

மாசிலாமணி தூணுக்குப் பின்னால் நகர்ந்தான்.

"அம்மனுக்குப் பூ போதும்," என்றார் வைத்தியர் வடிவிடம். "லேகியச் சட்டி இங்கே வரணும். நீயும் இவளோட நட."

"நானா? நான் பெத்து முடிச்சவ."

"காவல் இருக்கேன்னியே. நடந்துக்கிட்டே இரு."

கார்த்திகையில் வந்தார்கள். செண்பகவல்லி ஒன்றும் கொடியாகிவிடவில்லை. ரவிக்கை கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் மாதவிலக்கு மாதந்தோறும் வரத் தொடங்கியிருந்தது.

"அப்போ பிள்ளை?" என்றாள் வடிவு.

"வரலாம். வராமலும் போகலாம். பொண்ணு தேடுறதை விட்டுட்டு, அடுத்த தடவை உன் மகனைக் கூட்டிட்டு வா."

"அவனுக்கென்ன குறை?"

"இன்னும் பார்க்கலையே."

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். மூச்சு வாங்காமல் படியிறங்கினாள்.

மாசிலாமணிக்குச் சந்தேகம் தீரவில்லை.

"எனக்குத் தெரியாம ஏதோ கொடுத்திருக்கீங்க ஐயா. அந்த மருந்தை எனக்குச் சொல்லித் தாங்க."

வைத்தியர் உள்ளே போய், அடியில் லேகியம் காய்ந்துகிடந்த சட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"கொடுக்கலை. இதை எடுத்தேன். கழுவி வை."