ஒரு பழியைக் கேட்டு நின்ற மூவர்

பொருளுக்காகப் போட்டியிட்டவர் கதைகள் பல உண்டு. இது பழிக்காக மூவர் போட்டியிட்ட வழக்கு. படிப்பவர் தம் நெஞ்சையே நடுவராக அமர்த்திக்கொள்வாராக.

மலையடிச்சந்தையிலிருந்து உப்பங்காயல் செல்லும் மாநில நெடுஞ்சாலை, முதலில் உப்பு வண்டிகளின் தடமாக இருந்தது. கடலோரத்து உப்பு மேற்கே ஏறியது. அடிவாரத்துப் புளி கிழக்கே இறங்கியது. மாடு மேட்டைக் கண்டால் விலகும், குளத்தைக் கண்டால் நிற்கும். ஆதலால் தடமும் வளைந்து வளைந்தே போயிற்று. பின்னர்ச் சரளை விரித்தார்கள், தார் ஊற்றினார்கள், பச்சைத் தலை கொண்ட மைல்கற்களை நட்டு மாநிலச் சாலை ஆக்கினார்கள். அப்போதுதான் வளைவுகளை நிமிர்த்தும் எண்ணம் பிறந்தது.

வழியில் உள்ளது கருங்காட்டுப்பட்டி என்னும் கரிசல் ஊர். பழைய தடம் அவ்வூரார் விளைச்சலை அடித்துக் காயவைக்கும் பொதுக் களத்தைச் சுற்றிச் சென்றது. பொறியாளர் ஆவுடையப்பன் நிமிர்த்திய சாலையோ களத்தின் மேலேயே சென்றது. மறித்து நின்ற ஊராரிடம் அவர், “அடுத்த வெள்ளாமைக்குள் வேறு களம் கட்டித் தருகிறேன். இது என் வாக்கு” என்றார். பிறகு மாற்றலாகிப் போனார், ஓய்வும் பெற்றார்.

வெள்ளாமை வந்தது, களம் வரவில்லை. ஊரார் உளுந்தஞ்செடியைச் சாலையிலேயே பரப்பினார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் காயை உடைத்துக் கொடுத்தது. உதிர்ந்த மணியைச் சாலையின் ஒரு பாதியில் காயப்போட்டு, வண்டி ஏறாதபடி சுற்றிக் கல் வைப்பார்கள். அள்ளிய பின் கல்லை எடுப்பது, காயப்போட்டவர் கடமை.

ஒரு மாலை, மழை திடீரென்று கவிழ்ந்தது. சீனியம்மாள் என்பவள் தன் உளுந்தை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கற்கள் சாலையிலேயே நின்றன. சற்று நேரத்தில் வியாகப்பன் ஓட்டி வந்த பேருந்து அங்கே வந்தது. பெரிய கல் ஒன்று வழியில் கிடப்பதைக் கண்டு அவர் நிறுத்தினார், இறங்கி, அதை உருட்டிச் சாலையின் ஓரத்தில் விட்டார், ஏறிப் போய்விட்டார். பெரிய வண்டிகளுக்கு நடுவை விட்டு ஓரமாகவே செல்லும் பால்காரன் கொம்பையா, பின்னே இருசக்கர வண்டியில் வந்தான். அந்தக் கல்லில் மோதி விழுந்தான். கால் எலும்பு நொறுங்கியது. இனி அவன் ஊன்றி நடப்பானா என்பது மருத்துவருக்கே ஐயம்.

அவ்வூரில் ஒரு கட்டு உண்டு. பிறரால் ஊனமுற்றவனின் தொழிலை, அதற்குக் காரணமானவர் அவன் எழும்வரை சுமக்க வேண்டும். ஒருவரே சுமக்க வேண்டும். பங்கிட்ட பழி எவர் நெஞ்சிலும் தங்காது என்பது அவர்கள் துணிபு. யாரிடம் ஒப்படைப்பது என்பதைப் பாதிக்கப்பட்ட வீட்டாரே சொல்வர்.

கொம்பையாவின் மனைவி உலகம்மாள், கணவன் தொழிலை ஒப்படைக்கும் அடையாளமாகப் பால் கேனோடு ஊர்க்கூட்டத்தில் வந்து நின்றாள்.

சீனியம்மாள் முன்னே வந்தாள். “நனைஞ்சா முளைச்சிருமேன்னு ஓடுனேன் தாயி. கல்லு நெனப்பே இல்ல. உளுந்து நனையல, உம் புருசன் காலுதான் போச்சு. கேனை எங்கிட்டக் குடு.”

வியாகப்பன் குறுக்கிட்டார். “அவங்க கல்லை மறந்துட்டாங்க. நான் பாத்தேனே! ‘மழை வலுக்குது, ஏறும்வே’ன்னு உள்ள சத்தம் போட்டாங்க. எம் பஸ்ஸுக்கு வழி கெடைச்சது, போயிட்டேன். எனக்குத்தான் குடுக்கணும்.”

செய்தி அறிந்து வந்திருந்த ஆவுடையப்பன் தலைகுனிந்து சொன்னார்: “களம் இருந்திருந்தால் சாலையில் கல்லுக்கு என்ன வேலை? ஆண்டுதோறும் இவ்வழியே போகிறேன். ரோட்டில் உளுந்தைக் காணும்போதெல்லாம் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். தூசிக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என்னிடம் கொடுங்கள் அம்மா.”

“பழிக்கு இம்புட்டுக் கிராக்கியா? ஏலம் விட்டுருவோமா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். ஒருவரும் சிரிக்கவில்லை.

“மூணு பேரும் அழுதா எங்க வீட்டுப் பாலு ஊர் போய்ச் சேருமா?” என்றாள் உலகம்மாள். “கேன் ஒண்ணுதான் இருக்கு.”

வாக்கை மறந்தவர் ஒருவர். கல்லை மறந்தவர் ஒருவர். கண்டும் போனவர் ஒருவர். முதலாமவர் இல்லையேல் கல்லே இல்லை. இரண்டாமவர் எடுத்திருந்தால் தீங்கே இல்லை. மூன்றாமவரோ வைத்தவரும் அல்லர், வைக்கச் செய்தவரும் அல்லர். உலகம்மாள் அந்தக் கேனை யாரிடம் கொடுப்பது முறை?

விடை: வியாகப்பனிடம். சீனியம்மாளின் குற்றம் மறதி. அதற்கு மழை ஓரளவு சாட்சி சொல்லும். வியாகப்பன் இடரைக் கண்ணால் கண்டார், கையால் தொட்டார், தம்மினும் எளியவன் வரும் பாதையில் அதைத் தள்ளினார். தன் வழியை மட்டும் துப்புரவு செய்பவன் பிறன் வழியில் குப்பை கொட்டுகிறான் என்பதை நாமும் உணர்வோமாக. ஆவுடையப்பனின் குற்றம் இதனினும் பழையது, பெரியது. ஆயினும் அவர் பால் கேனைக் கேட்பது, பெருங்கடனுக்கு அஞ்சிச் சிறுகடனில் ஒளிவதாகும். அலுவலர் ஓய்வு பெறலாம். அவர் கொடுத்த வாக்கு ஓய்வு பெறுவதில்லை. உலகம்மாள் இதையே செய்தாள். கேனை வியாகப்பன் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நின்ற பொறியாளரைப் பார்த்து, “நீங்க களத்தைக் கட்டுங்க சார்” என்றாள்.