மூடி வைத்த லேப்டாப்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். அங்கே யார் டிசைன் போட்டாலும், தான் போட்டதாகச் சொல்லித்தான் முதலாளியம்மாவிடம் காட்டுவார் மேனேஜர் ரத்தினவேல்.

அன்று முதலாளியம்மா இரண்டு டிசைன்களை இரண்டு பெரிய மானிட்டர்களில் அக்கம்பக்கமாகப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். இருந்ததோ பழைய லேப்டாப். அதன் சொந்தத் திரையோடு ஒரு மானிட்டர்தான் எரிந்தது.

“ரெண்டும் எரியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே” என்று மாரீஸ்வரியிடம் சீறினார் மேனேஜர். டிசைன்களைப் போட்டதே அவள்தான்.

கெட்டிக்காரி. மூடினாலும் அணையாதபடி செட்டிங்கை மாற்றி, லேப்டாப்பை மூடினாள். இரண்டாவதும் எரிந்தது.

“எப்படிம்மா?” என்றார் முதலாளியம்மா.

“இது ரெண்டு ஸ்கிரீனைத்தான் தாங்கும்மா. தன் மூஞ்சியைக் காட்டாம ஒதுங்கிக்கிட்டா, மத்த ரெண்டும் தெரியும்.”

முதலாளியம்மா மெல்லத் திரும்பினார்.

“நீங்களும் கொஞ்சம் ஒதுங்குங்க ரத்தினவேல். இதைப் போட்டவங்களே வந்து காட்டட்டும்.”