ஓணான் கூத்துக்கு ஒரு பலாப்பழம்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில், கோரைப்புல்லுக்குள் அமராவதி என்ற நீர்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டையிட்டது அதுவே முதல் தடவை. அதனால் முட்டைகளோடு ஓயாமல் பேசிக்கொண்டும் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். அவரவர் தேடியதில் ஒரு பங்கைப் பொதுக் களஞ்சியத்தில் போட வேண்டும். அதிலிருந்து பௌர்ணமிதோறும் ஒரு பலாப்பழம் ஓணானின் கூத்துக் குழுவுக்குப் போகும். ஓணான் வேஷம் கட்டும், மரங்கொத்தி மத்தளம் தட்டும், தவளைகள் பின்பாட்டுப் பாடும். பழத்துக்கு வரும் ஈக்கள் ஓணானுக்கும் தவளைகளுக்கும், எறும்புகள் மரங்கொத்திக்கு. மிச்சமிருக்கும் பழத்தைத் திரை பிடிக்கும் அணில் பார்த்துக்கொள்ளும்.

புதிதாகத் தலைவரான காட்டுப்பன்றிக்கு இது பொறுக்கவில்லை.

“பழம் தின்னா வயிறு நிறையும். கூத்துப் பார்த்தா என்னய்யா நிறையும்?” என்று கூட்டத்தில் கேட்டது. “இந்த மாசத்திலிருந்து அந்தப் பழம் எல்லாருக்கும் சமபங்கு!”

எல்லாரும் கைதட்டினார்கள். அமராவதியும் இறக்கையைத் தட்டியது. குஞ்சு பொரிக்கப் போகிற நேரம், ஒரு சுளை கிடைத்தால் நல்லதுதானே?

பழத்தைக் காடு முழுக்கப் பங்கு வைத்தபோது அமராவதிக்குக் கிடைத்தது ஒரு நார்.

கோடை வந்தது. குளம் சுருங்கியது. கொம்பன் யானை காலையில் வந்து குளத்தின் நடுவே படுத்தால், பொழுது சாய்ந்துதான் எழுந்திருக்கும். அது படுத்ததும் தண்ணீர் கரையேறிவிடும். மான்களுக்குக் குடிக்கச் சேறுதான் மிஞ்சியது. அமராவதியின் கூடு நனைந்தது. கூட்டை மேட்டுக்கு நகர்த்தியது. யானை புரண்டு படுத்தது. தண்ணீர் மேட்டுக்கும் வந்தது. ஒரு முட்டை உருண்டே போய்விட்டது.

அமராவதி அழுதுகொண்டு தலைவரிடம் ஓடியது. “இன்னொரு தடவை புரண்டா என் குஞ்சுங்க எல்லாம் போயிடும், தலைவரே!”

“இதுக்கா அழறே? நேரா போய்ச் சொன்னா முடிஞ்சது,” என்று பன்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது. அமராவதியும் பின்னாலேயே போனது.

“ஐயா, இந்தக் குளம்…”

“குளத்துக்கு என்ன?” என்று யானை ஒரு கண்ணைத் திறந்தது.

“குளம்… உங்களாலதான் அழகா இருக்குங்க.”

“அப்படியா? நாளையிலிருந்து ராத்திரியும் இங்கேயே படுத்துக்கறேன்.”

அடுத்து மான்கள் கண்டனம் தெரிவிக்கப் போய், மாலை போட்டுவிட்டு வந்தன. நண்டு அடியில் போய்க் காலைக் கடித்தது. “யாரோ நல்லாப் பிடிச்சு விடறாங்க, அந்தக் காலையும் கொஞ்சம் பாருப்பா,” என்றது யானை.

போன கோடைகளில் இப்படியெல்லாம் இல்லையே என்று அமராவதி யோசித்தது. அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு கோடையிலும் ஓணான் யானை வேஷம் கட்டும். எல்லாரையும்விட யானைதான் அதிகம் சிரிக்கும். மறுநாள் தானாகவே மடைக்குக் கீழே இருக்கும் பெரிய மடுவுக்குக் குளிக்கப் போய்விடும்.

அமராவதி ஓணானிடம் ஓடியது. “அண்ணே, ஒரே ஒரு ஆட்டம் போடுங்க.”

“எதை வச்சு ஆட, தங்கச்சி? ஈ வர்றதுக்குப் பழம் இல்லே. தவளைங்க பிழைப்புத் தேடி அடுத்த காட்டுக்குப் போயிட்டாங்க. மரங்கொத்தி கதவு வேலைக்குப் போயிட்டான்.” ஓணான் அதை ஏற இறங்கப் பார்த்தது. “நீயும் அன்னிக்கு இறக்கையைத் தட்டினவதானே?”

“தட்டினேன்தான், அண்ணே,” என்றது அமராவதி. நேரே கூட்டத்துக்குப் போய் நடுவில் நின்றது. “எனக்குக் கிடைச்ச பங்கு ஒரு நார். உங்களுக்கு?”

எல்லாரும் பல்லைத் துழாவிப் பார்த்தார்கள். நார்கூட யாருக்கும் ஞாபகமில்லை. “அப்போ அந்தப் பழத்தைக் கூத்துக்கே குடுத்துடலாமே?” என்றது அமராவதி.

“பழம் எதுக்கு? நானே சும்மா ஆடிக் காட்டறேன்!” என்றது பன்றி. அன்று மாலையே மூக்கில் புடலங்காயைக் கட்டிக்கொண்டு குளக்கரையில் இறங்கியது. இரண்டு அடி ஆடியதும் பசி எடுத்தது. தும்பிக்கையைத் தின்றுவிட்டது.

“பாவம், அந்தப் பன்றிக்கு உடம்புக்கு என்ன?” என்று யானை விசாரித்தது.

அதற்குப் பிறகு கூட்டமே ஒப்புக்கொண்டது. களஞ்சியத்திலிருந்து பழம் போனது. வாசனைக்கு ஈக்கள் வந்தன. ஈக்களுக்குத் தவளைகள் வந்தன. மரங்கொத்தி பாதிக் கதவை அப்படியே விட்டுவிட்டு வந்தது.

மறுநாள் சாயங்காலம் கூத்து. ஓணான் இரண்டு அரச இலையைக் காதாகவும், ஒரு புளியங்காயைத் தும்பிக்கையாகவும் கட்டிக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய விளாங்காய் ஓட்டில் உட்கார்ந்தது. தண்ணீர் முழுவதும் வெளியே வழிந்தது.

“ஐயோ, குளத்தைக் காணோமே! எந்தத் திருட்டுப் பயல் குடிச்சான்?” என்று ஓணான் ஓட்டைத் தூக்கி அடியில் தேடியது. பிறகு தவளைகளைச் சோதனை போட்டது.

யானை குளத்தில் படுத்தபடியே கண்ணில் நீர் வரச் சிரித்தது. அமராவதி முட்டைகளை இறுக்கி அணைத்துக்கொண்டது.

“என்ன கூறுகெட்ட யானை! நானா இருந்தா, கீழே அவ்வளவு பெரிய மடு இருக்கு, அங்கே போய்ப் படுத்திருப்பேன்,” என்று சொல்லி, யானை சிரித்துக்கொண்டே எழுந்து மடுவை நோக்கி நடந்தது.

 தண்ணீர் மெல்லக் குளத்துக்குள் இறங்கியது. அன்றிரவே முதல் குஞ்சு முட்டை ஓட்டைக் கொத்தியது.

கூட்டம் கலைந்ததும் பன்றி, ஓணானைத் தனியே கூப்பிட்டது. “அடுத்த மாசம் யார் வேஷம்?”

ஓணான் அதன் மூக்கைப் பார்த்தது, வயிற்றைப் பார்த்தது.

“என் வேஷம் மட்டும் வேணாம்ப்பா. இன்னொரு பழம் சேர்த்துத் தர்றேன்.”

“அது உங்க பழமா, தலைவரே? ஊர்ப் பழம்,” என்றது ஓணான்.

அடுத்த பௌர்ணமிக்குப் பன்றி வேஷம்தான்.

நீதி: ஊரின் கலைக்கு ஊரே பொதுவிலிருந்து பங்கு ஒதுக்கினால்தான், நேரில் சொல்ல முடியாத உண்மையையும் ஊர் சிரித்தபடி கேட்டுத் திருந்தும்.