காளைகளைப் பறிகொடுத்தவள் சொன்ன தண்டனை

செங்கரட்டுப் பாளையத்தில் ஒரு நடைமுறை இருந்தது. குற்றவாளி யார் என்பதைச் சபை தீர்மானிக்கும். அவனுக்கு என்ன தண்டனை என்பதைப் பொருளைப் பறிகொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் பாளையக்காரர் அதை நிறைவேற்றி வைப்பார். கரட்டடியில் கொஞ்சம் புன்செய் வைத்துப் பிழைத்துவந்த உடையாள், அந்த இடத்தில் தானே போய் நிற்க நேரும் என்று நினைத்ததே இல்லை.

கணவன் இறந்தபிறகு அவளுக்குத் துணையென்று இருந்தவை இரண்டு காளைகள். கன்றாக இருந்தபோதே வாங்கிவந்து வளர்த்தவை. முதல் மழை விழுந்ததும் காட்டில் முள் பொறுக்கப் போனவள், பொழுது சாயத் திரும்பிவந்து பார்த்தபோது தொழுவத்தில் அறுந்த கயிறுதான் கிடந்தது. விதைக்க வேண்டிய நாளெல்லாம் அவள் ஊர் ஊராக மாடு தேடி அலைந்தாள். கடைசியில் பிடிபட்டவன் அதே ஊர்ச் சடையன். காளைகளை ஓட்டிப் போய் ஆற்றங்கரையில் சந்தைத் திருடர்களிடம் ஒப்படைத்தது தான்தான் என்று ஒத்துக்கொண்டான். காளைகள் மலைக்கு அப்பால் எங்கோ கைமாறிவிட்டன. இந்த வருஷம் அவள் நிலம் தரிசுதான்.

கையை வெட்டச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் உடையாள் சபைக்கு வந்தாள். ஆனால் அவனை எதிரே பார்த்ததும் வேறொன்று கேட்கத் தோன்றியது.

"இவன் ஏன் இப்படிச் செஞ்சான்னு எனக்குத் தெரியணும் ஐயா. தெரியாம என்ன தண்டனை சொல்றது?"

பாளையக்காரர் தம்முடைய ஆட்களைப் பார்த்தார். அரண்மனை மருத்துவர் முதலில் எழுந்து, சடையனின் கூடிய புருவத்தையும் தாழ்ந்த நெற்றியையும் சுட்டிக்காட்டினார். இவன் அப்பனுக்கும் இதே முகம், அவனும் திருடன். இது உடம்போடு பிறந்தது, மருந்து கிடையாது என்றார். கணக்கர் அதை ஏற்கவில்லை. மழை பொய்த்த வருஷங்களில்தான் பாளையத்தில் திருட்டு பெருகியது, இவன் வயிறுதான் இவனை ஓட்டியது என்றார். காவல் தலைவர் இரண்டையும் மறுத்தார். சந்தைத் திருடர்களோடு உட்கார்ந்து தின்றவன் வேறு எதைக் கற்றுக்கொள்வான், சேர்க்கைதான் காரணம் என்றார்.

உடையாள் சடையனிடமே கேட்டாள். அவன் தலை நிமிரவில்லை.

"பசிதான் தாயி. ஆனா பசிச்சவனெல்லாம் உங்க மாட்டை ஓட்டலையே. ஓட்டுனது நான்தானே."

அந்தப் பதில் அவள் கோபத்தைக் கொஞ்சம் குழப்பிவிட்டது. பார்வையைத் திருப்பியபோது, கூட்டத்தின் பின்னால் அதே கூடிய புருவத்தோடு இன்னொருவன் நிற்பதைக் கண்டாள். சடையனின் தம்பி தவசி. அவனை முன்னே வரச் சொல்லி விசாரித்தாள். அண்ணனும் தம்பியும் ஒரே குடிசையில் ஒரே கஞ்சியைப் பங்கிட்டுக் குடித்தவர்கள். வாரச் சந்தைக்கும் சேர்ந்தே போனவர்கள். திருடர்கள் தவசிக்கும் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள், அவனையும் கூப்பிட்டார்கள்.

"நீ ஏன் போகலே?"

"கீழ்நாட்டுல அறுப்பு வேலை கெடைச்சுது தாயி. போயிட்டேன்."

"அண்ணனையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

தவசி காவல் தலைவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர்கள் அப்பன் திருடிப் பிடிபட்டபோது, வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளைகள் தினமும் அந்தியில் காவல் சாவடிக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அப்போது தவசி காய்ச்சலோடு மாமன் ஊரில் கிடந்தான். சாவடிக்காரர்கள் சடையனை மட்டும் கூட்டிப்போனார்கள். தம்பி ஒருவன் இருப்பது பிறகு யாருக்கும் நினைவில் வரவில்லை. சடையனுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை, எதையும் திருடியதும் இல்லை. அன்றுமுதல் ஒரு அந்திகூட அவனால் ஊரைவிட்டு வெளியே தங்க முடிந்ததில்லை. வெளியூர் வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் அவனைச் சேர்க்கவில்லை. சாவடிக்குப் போகிறவன் என்று உள்ளூரிலும் யாரும் வேலை கொடுக்கவில்லை.

"மாடு போன அன்னிக்கும் சாவடிக்கு வந்தானா?" என்று உடையாள் காவல் தலைவரைக் கேட்டாள். அன்றும் தவறாமல் அந்தியில் வந்து முகம் காட்டினான் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

உடம்பு என்கிறார் மருத்துவர்; பசி என்கிறார் கணக்கர்; சேர்க்கை என்கிறார் காவல் தலைவர்; நான்தான் என்கிறான் சடையன். கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இவர்களில் யார் சொன்னது சரி? உடையாள் என்ன தண்டனை சொல்லியிருப்பாள்?

விடை: புருவமும் பசியும் சந்தைச் சேர்க்கையும் தவசிக்கும் இருந்தன, அவன் திருடவில்லை. அவனுக்கு இல்லாதது சாவடி ஒன்றுதான். ஆகவே மூவர் சொன்னதும் போதாது. ஆனால் சாவடி வந்து கயிற்றை அறுக்கவில்லை. அதனால் சடையன் சொன்னதும் பொய்யில்லை. உடையாள் இரண்டையும் சேர்த்தே தண்டனை சொன்னாள். சடையன் உழைத்து இரண்டு காளைகள் வாங்கித் தர வேண்டும். அதற்காக அவன் தம்பியோடு கீழ்நாட்டு அறுப்புக்குப் போக வேண்டும். போவதற்குச் சாவடி உத்தரவை நீக்க வேண்டும். ஓடிவிட்டால் என்ன செய்வாய் என்று காவல் தலைவர் கேட்டார். "ஓடுனா போறது என் காளைதானே. அது முன்னாடியே போயிடுச்சு," என்றாள். பாளையக்காரர் சம்மதித்தார். ஊர் அவளைப் பார்த்துச் சிரித்தது. அறுப்பு முடிந்து சடையன் வந்தபோது அவன் கையில் ஒரு காளைதான் இருந்தது, அதுவும் மெலிந்த காளை. மற்றது அடுத்த அறுப்புக்கு என்றான். உடையாள் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். "இளம் மாடுதான், தேறிடும்," என்று சொல்லி உள்ளே ஓட்டிக்கொண்டு போனாள்.